யார் பெற்ற பிள்ளையோ

மரக்காணத்திலிருந்து புதுச்சேரியை நோக்கிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வருகிறவர்கள், கழுவெளியின் உவர்நீரையும் அதை அடுத்து வெள்ளை வெளேரென்று விரிந்து கிடக்கும் உப்பளங்களையும் கடந்த சிறிது நேரத்துக்கெல்லாம், செம்மண் மேட்டின்மீது அடர்ந்து வளர்ந்திருக்கும் ஆரோவில்லின் மரங்களைக் காண்பார்கள். இந்த வெண்மைக்கும் அந்தச் செம்மைக்கும் நடுவே உள்ள கிராமம் ஒன்றில், சென்ற கோடையில் ஒரு மாலை வேளையில் நான் கண்ட காட்சிதான் இன்றைய உரைக்குக் காரணம்.

வேறொரு காரியமாக நான் போயிருந்த அந்த வீட்டின் திண்ணையில் பையன்கள் மூவர், தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்த ஒரு கைப்பேசியின் முன் தலையோடு தலை இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். உப்பளத்தில் கூலி வேலை செய்யும் அவர்களுடைய ஆயா, வாசற்படியில் அமர்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பையன்கள் பார்த்துக்கொண்டிருந்தது ஜப்பான் தேசத்துச் சித்திரத் தொடர். இக்காலத்துப் பிள்ளைகள் 'அனிமே' என்று சொல்வது அதைத்தான். வெண்ணிறக் கூந்தலுடைய ஒரு சிறுவன் தலை அறுபட்டு, உடல் சாம்பலாகி உதிர்ந்துகொண்டே தள்ளாடி நடந்துவரும் கட்டம் வந்தபோது, ஆயாவின் கை கீரையை விட்டுவிட்டது.

"இன்னாடா அது? அந்தப் புள்ளைக்கு இன்னா ஆச்சி?" என்றாள்.

"அது புள்ள இல்ல ஆயா, அரக்கன். எத்தினியோ பேரத் தின்னுட்டுது" என்றான் மூத்தவன்.

"தின்னா இன்னா? அதுவும் யாரு பெத்த புள்ளையோ."

அந்த வார்த்தையைக் கேட்டதும் இளையவன் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அதுவரை அவன் அடக்கி வைத்திருந்த அழுகைக்கு ஆயாவின் சொல் அனுமதி கொடுத்துவிட்டது போலும்.

அவர்கள் பார்த்தது 'டீமன் ஸ்லேயர்' என்ற தொடர். கொயொஹாரு கொடோகே என்பவர் 2016 முதல் 2020 வரை ஜப்பானிய வாரப் பத்திரிகை ஒன்றில் சித்திரக் கதையாக எழுதி வரைந்ததை, யூஃபோடேபிள் என்ற நிறுவனம் 2019 ஏப்ரல் முதல் 26 பகுதிகளாகத் திரைச் சித்திரம் ஆக்கியது. கரி விற்றுப் பிழைக்கும் தஞ்ஜிரோ என்ற சிறுவனின் குடும்பத்தை ஓர் அரக்கன் கொன்றுவிட, உயிர் தப்பிய தங்கை நெசுகோவும் அரக்கியாகிவிட, வெயில் பட்டால் வெந்துபோகும் அவளை ஒரு மரப்பெட்டியில் வைத்து முதுகில் சுமந்துகொண்டு, அவளை மீண்டும் மனுஷியாக்க வழி தேடி அவன் அலைகிறான் என்பதுதான் கதையின் சுருக்கம். இக்கதையின் திரைப்படம் ஒன்று 2025 செப்டம்பர் 12 அன்று தமிழ்க் குரலோடும் நம் நாட்டுத் திரையரங்குகளுக்கு வந்து, இளைஞர்களைக் கூட்டம் கூட்டமாக ஈர்த்தது பலருக்கு நினைவிருக்கலாம்.

அந்தத் தொடரின் பத்தொன்பதாம் பகுதி, 2019 ஆகஸ்டு 10 சனிக்கிழமை இரவு ஜப்பானில் ஒளிபரப்பானபோது, பார்த்தவர்கள் உலகின் பல மூலைகளிலிருந்தும் வியந்து பேசினார்கள். அன்று திண்ணையில் கண்ட அந்த வெண்கூந்தல் சிறுவனான ரூயி என்னும் சிலந்தி அரக்கனின் நூல்களில் சிக்கிச் சாகவிருந்த தஞ்ஜிரோவுக்கு, நோயாளியான தன் தந்தை, வருஷப் பிறப்பன்று பனி மூடிய மலையில் பொழுது சாய்ந்தது முதல் விடியும்வரை அக்கினி தேவனுக்காக ஆடிய நடனம் திடீரென நினைவில் எழுகிறது. அந்த நடனத்தின் மூச்சே அவனுக்கு வாளின் வேகமாகிறது. இந்தக் கட்டத்தில் பார்ப்பவர்கள் கூவினார்கள், எழுந்து நின்றார்கள். ஆனால் என் மனத்தைத் தொட்டது, அதற்குப் பின் வந்ததாகும். ரூயி மடிகிறான், மடியும்போது, நோஞ்சான் குழந்தையாக இருந்து அரக்கனானவன் அவன் என்பதும், தன்னோடு சேர்ந்து சாகத் துணிந்த தாய் தந்தையரைப் புரிந்துகொள்ளாமல் தன் கையாலேயே கொன்றவன் அவன் என்பதும், அந்த இழப்பை ஈடுசெய்யவே பயத்தால் கட்டிய ஒரு பொய்க் குடும்பத்தை உண்டாக்கிக்கொண்டவன் அவன் என்பதும் நமக்குத் தெரியவருகின்றன. சற்றுமுன் அவன் சாகவேண்டும் என்று கூவியவர்களே இப்போது அவனுக்காக அழுகிறார்கள். தஞ்ஜிரோவும் உதிர்ந்துபோகும் அந்தச் சிறுவனின் முதுகில் கை வைத்து வருந்துகிறான்.

பேயும் அரக்கனும் நிறைந்த கதைகள் பிள்ளைகளின் மனத்தைக் கெடுக்கும் என்று அஞ்சுகிற பெற்றோர் பலரை நான் அறிவேன். இரத்தம் சிந்தும் காட்சிகள் இத்தொடரில் ஏராளமாக இருப்பதால், மிகச் சிறு குழந்தைகளுக்கு இது ஆகாது என்பதில் அவர்களோடு நானும் உடன்படுகிறேன். ஆயினும், வளர்ந்த பிள்ளை ஒருவன் அரக்கனுக்காகக் கண்ணீர் விடுவானாகில், அது அவன் மனம் கெட்டதற்கு அறிகுறி அன்று. விரோதியிடத்திலும் இரக்கம் கொள்ளும் சக்தி அவனுள் விழித்துக்கொண்டதற்கு அறிகுறி என்றே நான் எண்ணுகிறேன். நம் கடற்கரையில் திரௌபதி அம்மன் கோயில் இருக்கும் ஊரெல்லாம் தலைமுறை தலைமுறையாக விளைந்துவந்ததும் இந்த இரக்கம்தான்.

பாரத விழா நடக்கும் ஊரில், பகலில் பாரதப் பிரசங்கியார் கதையை வாசித்துப் பொருள் சொல்ல, இரவில் அதே கதை தெருக்கூத்தாக ஆடப்படும். வில் வளைப்பு, துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்னன் சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று ஒவ்வோர் இரவுக்கும் ஒரு கதை. பகுதி பகுதியாகக் கதை காணும் வழக்கம் நமக்குத் தொலைக்காட்சி கற்றுக்கொடுத்தது அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? இருவர் பிடித்த திரைக்குப் பின்னிருந்து வேஷக்காரர் தம் பாத்திரத்தின் பெருமையைப் பாட, முகவீணையின் கூரிய ஓசை இருளைக் கிழிக்க, திரை விலகியதும் கிரீடமும் புஜக்கட்டையும் விளக்கொளியில் மின்ன, சலங்கை அதிரத் துரியோதனன் சுழன்று ஆடும்போது, பாயை விரித்து அரைத்தூக்கத்தில் கிடந்த குழந்தைகூட எழுந்து உட்கார்ந்துவிடும்.

அங்கே பார்ப்பவர் வெறுமனே பார்ப்பவராக மட்டும் இருப்பதில்லை. துகிலுரிதல் இரவில் திரௌபதி வேஷத்துக்குக் கற்பூரம் காட்டிக் கும்பிடுவார்கள். துச்சாதனன் அவள் கூந்தலைப் பற்றும் கணத்தில் கூட்டத்தில் யாருக்கேனும் ஆவேசம் வந்துவிடும். அர்ச்சுனன் தபசன்று, பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் தபசு மரத்தின் அடியில் காத்திருந்து, மேலிருந்து அர்ச்சுனன் எறியும் கனியை முந்தானையில் ஏந்துவார்கள். மனத்தின் உணர்ச்சி மெய்யில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்று பெயரிட்டு, அதை எட்டு வகையாகப் பிரித்துக் காட்டியது தொல்காப்பியம். அந்த எட்டையும் காண ஏட்டைத் தேடிப் போகவேண்டியதில்லை. கூத்துத் திடலில், ஆடுகிறவரை விட்டுவிட்டுப் பார்க்கிறவர்களின் முகங்களைப் பார்த்தாலே போதும்.

எல்லாவற்றையும்விட அருமையானது படுகளம். பதினெட்டாம் போரன்று காலையில், கோயில் திடலில் துரியோதனனை மண்ணால் மாபெரும் உருவமாகப் படுக்க வைத்திருப்பார்கள். வீமன் அவன் தொடையைப் பிளக்க, திரௌபதி கூந்தல் முடிக்க, பல நாள் காத்திருந்த ஜனங்களின் கோபம் தணிகிறது. அதோடு கதை முடிந்துவிடலாகாதோ? முடிவதில்லை. மகனை இழந்த காந்தாரி வந்து அந்த மண்மேட்டின்மீது விழுந்து ஒப்பாரி வைக்கிறாள். இத்தனை இரவுகளும் எவனைச் சபித்தார்களோ அவனுக்காகவே ஊர்ப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். பிறகு அந்த உருவத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப்போய், வளம் பெருகும் என்ற நம்பிக்கையோடு தானியக் குதிரில் போட்டு வைக்கிறார்கள். பகைவனின் உடலே வீட்டுக்கு மங்களமாகிறது! "யாரு பெத்த புள்ளையோ" என்ற அந்த ஆயாவின் சொல் கைப்பேசித் திரையைப் பார்த்துப் பிறந்த சொல் அன்று. படுகளத்தில் உட்கார்ந்து பழகிய ஹிருதயத்தின் சொல் அது.

ஜப்பானியரிடமும் இந்த மனோபாவம் புதிதன்று. பதினான்கு, பதினைந்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த ஸெயாமி என்ற பெரியார் இயற்றிய 'அட்ஸுமொரி' என்னும், ஜப்பானியரின் பழைய நோ வகை நாடகத்தில், 1184-ஆம் ஆண்டுப் போரில் ஓர் இளம் வீரனைக் கொன்ற படைத்தலைவன், அந்தத் துக்கத்தால் துறவியாகி, போர் நடந்த கடற்கரைக்கே திரும்பி வருகிறான். கொல்லப்பட்டவனின் ஆவி அவன்முன் தோன்றித் தன் கதையைச் சொல்கிறது. முன்பு கொன்றவனே இப்போது பிரார்த்தனை செய்ய, பகை நட்பாகி ஆவி சாந்தியடைகிறது. பேய்க்குத் தேவைப்பட்டது தன் துயரத்தைக் கேட்க ஒரு செவி. தஞ்ஜிரோவின் கை ரூயியின் முதுகில் படும்போது, அறுநூறு ஆண்டுகளுக்கு முந்திய அந்த நாடகத்துத் துறவியின் கையே படுவதாக எனக்குத் தோன்றுகிறது. ஆரோவில்லைத் தோற்றுவித்த ஸ்ரீ அன்னையார் 1916 முதல் 1920 வரை ஜப்பானில் வாழ்ந்துவிட்டுத்தான் புதுச்சேரிக்குத் திரும்பி வந்தார் என்பதையும், 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண்ணை ஒரே தாழியில் இட்டு அந்நகரைத் தொடங்கினார்கள் என்பதையும் இங்கே நினைக்கும்போது, தேச எல்லைகளைக் கடந்த ஒரு துக்கம் நம் திண்ணைக்கு வந்து சேர்ந்ததில் வியப்பில்லை என்றே படுகிறது.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. நான் சொல்ல வந்ததே அதைத்தான்.

எங்கள் உப்பளத்தில் உப்பு எப்படி விளைகிறதென்று தெரிந்தவர்கள் நான் சொல்வதை எளிதில் உணர்வார்கள். கடல்நீரின் உப்புச் செறிவு, நீரின் அடர்த்தியை அளக்கும் மானியில் ஏறத்தாழ மூன்று டிகிரிதான். அதைத் தெப்பம் என்னும் தேக்கத்தில் நிறுத்தி, பாத்திக்குப் பாத்தி மாற்றி, நாள்கணக்காக வெயிலில் நிறுத்தி, செறிவு இருபத்தைந்து டிகிரியை எட்டிய பிறகே அடியில் வெள்ளைக் கற்கள் படியத் தொடங்கும். அவசரப்பட்டுப் புதுநீரை மேலும் மேலும் பாய்ச்சிக்கொண்டே இருந்தால், பாத்தி நிறைந்திருக்கும், உப்பு விளையாது.

கூத்தில் ஓர் இரவுக்கும் மறு இரவுக்கும் நடுவே ஒரு பகல் இருந்தது. அந்தப் பகலில் உப்பு வாரும் பெண்கள், பலகையை இழுத்துக்கொண்டே, கர்ணன் செய்தது நியாயமா, குந்தி செய்தது தகுமா என்று வாதாடினார்கள். டீக்கடையில் அபிமன்னனுக்காகப் பெருமூச்சு விட்டார்கள். கண்ட காட்சி நின்று, காய்ந்து, மனத்தின் அடியில் படிந்தது. ஜப்பானிலும் வாரத்துக்கு ஒரு பகுதியாகவே அந்தத் தொடர் வந்ததால், பார்த்தவர்கள் ஏழு நாள் அதையே நினைத்துப் பேச இடமிருந்தது. நம் பிள்ளைகளின் கைப்பேசியிலோ ஒரு பகுதி முடிந்த சில விநாடிகளுக்குள் அடுத்தது தானாகவே தொடங்கிவிடுகிறது. கண்ணீர் காய்வதற்குள் வேறொரு சண்டை, வேறோர் அரக்கன்! இருபத்தாறு பகுதிகளை இரண்டே நாளில் பார்த்து முடித்த பையனிடம் கதையைக் கேட்டுப் பாருங்கள். யார் யாரை எப்படி வெட்டினார் என்று சொல்வான். யாருக்காக அழுதான் என்பதை மறந்திருப்பான்.

ஆகையால் பெற்றோர்களிடமும் பெரியோர்களிடமும் நான் பணிந்து கேட்டுக்கொள்வது இதுதான். பிள்ளைகள் பார்க்கும் கதையைப் பறித்து எறிந்துவிடாதீர்கள். அவர்களைத் தனியே விட்டுவிட்டும் போகாதீர்கள். வாரத்தில் ஒரு நாளாவது அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு பகுதியைப் பாருங்கள். அது முடிந்ததும் நிறுத்திவிட்டு, "அவன் ஏன் அப்படிச் செய்தான்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். உங்களுக்குத் தெரிந்த கர்ணனையும் சூரபத்மனையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். அவர்களுடைய ரூயியை நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சூரனைப் பிளந்து மயிலாகவும் சேவலாகவும் தன்னிடமே வைத்துக்கொண்ட முருகனின் கதையை அறிந்த நமக்கு, அரக்கனுக்காக அழும் பிள்ளையின் மனம் அந்நியமாகத் தோன்ற நியாயமில்லை.

அன்று மாலை அந்தத் திண்ணையிலும் அடுத்த பகுதி தானாகத்தான் தொடங்கியது. பாட்டும் வாத்தியமும் முழங்கின. கீரைத் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு ஆயா அருகில் நகர்ந்து வந்தாள்.

"கொஞ்சம் நிறுத்துடா. அவங்கம்மா இன்னா ஆனா? அத்தச் சொல்லு மொதல்ல."

இளையவன்தான் கை நீட்டி நிறுத்தினான். மூத்தவன் சொல்லத் தொடங்க, நடுவில் இளையவன் திருத்த, மற்றவன் இருவரையும் மறுக்க, ஆயா ஒவ்வொன்றுக்கும் "அய்யோ" என்றும் "அப்புறம்?" என்றும் கேட்க, நான் விடைபெற்றுக்கொண்டு தெருவில் இறங்கும்போது நன்றாக இருட்டிவிட்டிருந்தது. சொம்பில் சாய்ந்திருந்த கைப்பேசியின் வெளிச்சம் எப்போதோ அணைந்திருந்தது. பேச்சுக் குரல் மட்டும் தெருமுனைவரை எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.