எறும்பு போடும் கணக்கு

கையில் தாளும் பென்சிலும் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

ஒருவர் கிழக்கே 30 மீட்டர் நடக்கிறார். பிறகு வடக்கே திரும்பி 40 மீட்டர். நடந்த தொலைவு 70 மீட்டர். ஆனால் புறப்பட்ட இடத்திலிருந்து எவ்வளவு தள்ளி, எந்தப் பக்கம் நிற்கிறார்? அதுதான் இடப்பெயர்ச்சி. கிழக்கே ஓர் அம்புக்குறி போடுங்கள். அதன் தலையிலிருந்து வடக்கே இன்னொன்று. முதல் அம்பின் வாலையும் இரண்டாவதின் தலையையும் ஒரு கோட்டால் சேருங்கள். செங்கோண முக்கோணம் வந்துவிட்டதா? 30-இன் வர்க்கம் 900, 40-இன் வர்க்கம் 1600, கூட்டினால் 2500, அதன் வர்க்கமூலம் 50. ஆக 50 மீட்டர். கிழக்கிலிருந்து வடக்குப் பக்கமாக ஏறத்தாழ 53 பாகை. திசையை விட்டுவிட்டு 50 என்று மட்டும் எழுதினால் அது பாதி விடைதான். மதிப்பெண் கேட்டுச் சண்டை போட முடியாது!

முதலில் வடக்கே, பிறகு கிழக்கே நடந்தாலும் வந்து சேர்வது அதே இடம்.

இப்படி அளவும் திசையும் கொண்ட அம்புகளைக் கூட்டுவதுதான் வெக்டர் கூட்டல். அந்தப் பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கும் பிள்ளைகளுக்கு ஓர் எறும்பை அறிமுகம் செய்யலாம். துனிசியாவின் உப்புப் பரப்பில் வாழும் கேட்டாகிளிஃபிஸ் எறும்பு, இரை தேடி வளைந்து நெளிந்து அலையும். இரை கிடைத்ததும் வந்த வழியே திரும்பாது. கூட்டை நோக்கி நேர்கோட்டில் ஒரே ஓட்டம். அடையாளத்துக்கு மரமோ பாறையோ இல்லாத வெட்டவெளி அது. சூரியனையும் வானத்து ஒளியையும் வைத்துத் திசை பார்க்கிறது. சரி, தூரம்?

விட்லிங்கர், வேனர், வோல்ஃப் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2006-இல் இதற்கு விடை சொன்னார்கள். கூட்டிலிருந்து 10 மீட்டர் தள்ளி இரையிடம் வந்த எறும்புகளைப் பிடித்தார்கள். சிலவற்றுக்குப் பன்றி மயிரை ஒட்டிப் பொய்க்கால் கட்டினார்கள். வேறு சிலவற்றின் கால்களைக் குட்டையாக்கினார்கள். திரும்பும்போது எல்லாமே சரியான திசையில்தான் ஓடின. ஆனால் பொய்க்கால் எறும்புகள் 15 மீட்டர் தாண்டிப் போய்க் கூட்டைத் தேடின. குட்டைக்கால் எறும்புகளோ 6 மீட்டர் போவதற்குள்ளேயே தேட ஆரம்பித்துவிட்டன. அடிகளின் எண்ணிக்கை சரி, ஓர் அடியின் நீளம்தான் மாறிப்போயிருந்தது.

அதே எறும்புகள் பின்னர் மாற்றிய கால்களுடன் கூட்டிலிருந்தே கிளம்பியபோது கணக்குப் பிசகவில்லை. போகும் அடியும் வரும் அடியும் இப்போது ஒரே அளவு. போன வெக்டரையும் வந்த வெக்டரையும் கூட்டினால் பூஜ்யம். எத்தனை கிலோமீட்டர் சுற்றினாலும், வீடு திரும்பியவரின் இடப்பெயர்ச்சியும் அதேதான்.