அவர்களுக்கும் ஓர் இலை



ஹெராயின் பழக்கத்திலிருந்து மீள, மலேசியாவில் 2005ஆம் ஆண்டு முதல் மெத்தடோன் மருந்து வழங்கப்படுகிறது. தொடக்கத்தில் தினமும் கிளினிக்கிற்குச் சென்று, பணியாளர் கண்ணெதிரே குடிக்க வேண்டும். ஒழுங்காக வருவோருக்குப் பின்னர் சில நாள் மருந்தை வீட்டிற்கே கொடுத்தனுப்புவார்கள். நம்மையும் நம்புகிறார்கள் என்ற எண்ணமே பலரைத் தொடர்ந்து வரச் செய்கிறது.

இடையில் நிறுத்திவிட்டு, மீண்டும் பழைய அளவில் ஹெராயின் எடுத்தால் உடல் தாங்காது, உயிரே போகலாம். ஆகவே முதலாளிமார்களே, மருந்து குடித்துவிட்டுச் சற்றுத் தாமதமாக வருபவரை வேலையிலிருந்து நிறுத்திவிடாதீர்கள். பெற்றோர்களே, "இன்னும் எத்தனை நாள் இந்த மருந்து?" என்று நச்சரிக்காதீர்கள். நீரிழிவு நோயாளியிடம் அப்படிக் கேட்கிறோமா?

அன்னதானத்திற்கு வாரி வழங்கும் கைகள், பந்தியில் அவர்களுக்கும் ஓர் இலை போடட்டும்.