ஓடும் பிள்ளைகளும் உயர்கல்வியும்
(ஜமாஅத் கல்விக் கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

 

பஜ்ர் தொழுகை முடிந்து வெளியே வருகையில் நம் ஊர்ச் சாலைகளில் இளைஞர்கள் ஓடுவதைக் காண்கிறோம். கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மழை பெய்தால் காலோடு அப்பிக்கொண்டு வரும். ஆகவே தார்ச்சாலைதான் அவர்களுக்கு மைதானம். பெரும்பாலோர் காவலர் தேர்வுக்காக ஓடுகிறவர்கள். 1500 மீட்டரை 7 நிமிடத்திற்குள் கடக்க வேண்டும் என்பது அத்தேர்வின் விதி. அது நல்ல வேலைதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதே ஓட்டம் பெரிய கல்லூரிகளின் வாசலையும் திறக்கக்கூடும் என்ற செய்தி நம் வீடுகளுக்குள் இன்னும் வந்து சேரவில்லை. கோவில்பட்டி என்றால் ஹாக்கி என்பதை நாடறியும். நம் ஊரைச் சேர்ந்த மாரீஸ்வரன் சக்திவேல் 2022-இல் இந்திய அணியில் ஆடினார். ஹாக்கிக்கு மட்டையும் அணியும் வேண்டும். ஓட்டத்திற்கு ஒரு ஜோடிக் காலணி போதும்.

"ஓடுவது மார்க்கத்தில் வீண் வேலையல்லவா?" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். ஸஹாபாக்களில் ஸலமா இப்னுல் அக்வஃ (ரலி) அவர்களின் வரலாறு ஸஹீஹ் முஸ்லிமில் விரிவாக வந்துள்ளது. நபி (ஸல்) அவர்களின் ஒட்டகங்களைக் கொள்ளையர் ஓட்டிச் சென்றபோது, குதிரையின்றிக் கால்நடையாகவே தனியொருவராய் விரட்டிச் சென்று மீட்டவர் அவர். திரும்பும் வழியில், எவராலும் முந்தப்படாத ஓர் அன்ஸாரித் தோழர் மதீனாவரை ஓட்டப் பந்தயத்திற்கு அழைத்தார். ஸலமா (ரலி) நபியவர்களிடம் அனுமதி பெற்றே ஓடினார்கள். ஒன்றிரண்டு மேடுகள் வரை மூச்சைச் சேமித்துக்கொண்டு பின்தங்கி வந்து, பிறகு விரைந்து முந்தினார்கள். நெடுந்தூர ஓட்டத்தின் நுட்பமே அதுதான்!

இனி இன்றைய நிலவரத்திற்கு வருவோம். தமிழ்நாட்டின் பொறியியல் கலந்தாய்வில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கென 500 இடங்கள் ஒதுக்கப்பட்டு வருகின்றன. மருத்துவத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களே. சென்னை ஐ.ஐ.டி. 2024-25 கல்வியாண்டு முதல் ஒவ்வொரு பி.டெக். பிரிவிலும் விளையாட்டு வீரர்களுக்குக் கூடுதலாக 2 இடங்களை ஏற்படுத்தியது. அவற்றுள் ஒன்று பெண்களுக்கே உரியது. தடகளமும் அப்பட்டியலில் உண்டு. தேசிய அளவில் பதக்கம் பெற்றிருக்க வேண்டும். அத்துடன், இதைக் கவனியுங்கள், ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வின் தரவரிசையிலும் இடம்பெற்றிருக்க வேண்டும். பதக்கம் மட்டும் இருந்தால் கதவு திறக்காது. அமெரிக்காவிலும் ஏறத்தாழ இதே நிலைதான். ஹார்வர்டு, யேல் உள்ளிட்ட 8 பல்கலைக்கழகங்கள் கொண்ட ஐவி லீக்கில் பயிற்சியாளர்கள் நல்ல ஓட்டக்காரர்களைத் தேடிப் பரிந்துரைக்கிறார்கள். ஆனால் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. குடும்பத்தின் வசதியைப் பார்த்தே நிதியுதவி. படிப்பில் தேறாதவரைப் பயிற்சியாளரின் பரிந்துரை மட்டும் காப்பாற்றாது.

நாமோ பத்தாம் வகுப்பு வந்ததும் "ஓடியது போதும், படி" என்று காலணியைப் பரண்மேல் போட்டுவிடுகிறோம். இன்னும் சில வீடுகளில், நன்றாக ஓடுகிறான் என்பதற்காகப் படிப்பைக் கைவிட்டுவிடுகிறார்கள். இரண்டுமே பிள்ளைக்குச் செய்யும் அநீதி. காலையில் ஒரு மணி நேரம் ஓடுகிறவன் இரவில் தொலைக்காட்சிக்கு முன் அமர்ந்திராமல் உறங்கச் செல்வான், பஜ்ருக்கும் எழுவான். ரமளானில் பயிற்சியை இஃப்தாருக்குப் பிறகு, குறைத்து வைத்துக்கொள்ளலாம்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓடிப் பந்தயம் வைத்ததை அபூதாவூதில் காண்கிறோம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மாரத்தான் தங்கம் வென்ற சிஃபான் ஹஸன், ஹிஜாப் அணிந்தே பதக்கம் பெற்றார். கண்ணியமான உடையும், தந்தை அல்லது சகோதரரின் துணையும் இருக்குமானால் திறமையுள்ள பெண்ணைத் தடுக்க எனக்கு ஆதாரம் தெரியவில்லை.

குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக ஓடிப் பெறும் சான்றிதழ்களைப் பத்திரப்படுத்துங்கள். ஓடாமலேயே சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று எவரேனும் வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள், பொய்ச்சாட்சியம் பெரும்பாவம். மற்றொன்று, நம் பெயர்கள். பிறப்புச் சான்றிதழில் 'முகம்மது', பள்ளியில் 'முஹம்மத்', போட்டிச் சான்றிதழில் 'மொகமது' என்றிருந்தால் சரிபார்ப்பு மேசையில் பிள்ளை தவித்து நிற்கும். வருகிற ஞாயிறு அஸருக்குப் பின் மக்தபில் அமர்ந்திருப்பேன். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகளின் சான்றிதழ்களையெல்லாம் எடுத்து வாருங்கள். எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்ப்போம். வஸ்ஸலாம்.