முதுநகரின் நடுவே ஒரு சிறு விடுதி

பிறநாடு சென்று மீள்வோர் எழுதும் பிரயாண நூல்களிலே மாளிகைகளையும் கோயில்களையும் அரும்பொருட் காட்சிச்சாலைகளையும் பற்றிப் பல பக்கங்கள் இருக்கும். ஆனால், அவர்கள் இரவில் எங்கே தங்கினார்கள், காலையில் எந்த யன்னலைத் திறந்தார்கள், அந்த வீட்டின் அயலவர் யாவர் என்பன பற்றி ஒரு வரியேனும் காண்பதரிது. ஒரு நகரத்தை நாம் எந்த அளவுக்கு அறிகின்றோம் என்பதிலே தங்குமிடத்துக்குப் பெரும் பங்குண்டு என்பது என் கருத்து. ஆதலால், மத்தியதரைக் கடலோரத்துப் பழைய நகரொன்றின் நடுவே, குறைந்த வாடகை விடுதியொன்றிலே தங்குவது எத்தகையது என்பது குறித்து இன்று உங்களுடன் பேச விரும்புகின்றேன். நான் கூறப்போகும் நகரம் தென்னித்தாலியிலுள்ள நேப்பிள்ஸ். அந்நகரத்தார் அதனை நாப்போலி என்பர். சுவிற்சர்லாந்திலே வாழும் என் தமையனார் மகன் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, பாடசாலை விடுமுறையில் எஞ்சிய ஆறு நாட்களை இந்நகரிலே கழித்தேன்.

விடுதியைப் பற்றிச் சொல்லுமுன் ஊரைப் பற்றிச் சில சொல்லல் வேண்டும். கி.மு. 5ஆம் நூற்றாண்டளவிலே கிரேக்கர் இங்கே ஒரு நகரை அமைத்து, அதற்கு ‘நெயாப்போலிஸ்’, அஃதாவது புதுநகர், எனப் பெயரிட்டனர். கிழக்கு மேற்காக மூன்று நெடுந்தெருக்கள், அவற்றைக் குறுக்கே வெட்டிச் செல்லும் ஒடுங்கிய பல சந்துகள் என்பதே அவர்கள் வகுத்த அமைப்பு. உரோமர் ஆண்டனர், பின்னர் நோர்மானியரும் பிரெஞ்சு அரச குலத்தாரும் ஸ்பானியரும் ஆண்டனர். ஆயினும் அந்த மூன்று தெருக்களும் இன்றும் அவ்விடத்திலேயே உள்ளன. மக்கள் அவற்றிலேதான் நடந்து சந்தைக்குச் செல்கின்றார்கள்.

வீடுகள் எழுந்த விதமும் வியப்புக்குரியது. நகரின் அடியிலே மஞ்சள் நிறமான எரிமலைக் கல் உண்டு. அதனை வெட்டியெடுத்து மேலே வீடு கட்டினார்கள். வெட்டிய குழிகளை நீர்த்தொட்டிகளாக்கினார்கள். மதிலுக்கு வெளியே வீடு கட்டலாகாது என்று 16ஆம் நூற்றாண்டிலே ஸ்பானிய ஆட்சியாளர் தடை விதித்தமையால், உள்ளேயிருந்த வீடுகள் மாடிமேல் மாடியாக உயர்ந்தன. இதன் பயனாகத் தெரு ஒடுங்கியதாயும் சுவர் உயர்ந்ததாயும் ஆயிற்று. சில சந்துகளிலே நண்பகலிற்றான் வெயில் நிலத்தைத் தொடும்.

இவ்வூர் பட்ட இன்னல்களும் பல. 1884இல் வாந்திபேதி நோய் பரவி ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அதன்பின் நகரைத் திருத்துகின்றோம் எனக் கூறி, ஏழைகளின் வீடுகளை இடித்து அகன்ற வீதி அமைத்தனர். 1943 ஓகஸ்ட் 4ஆந் திகதி விழுந்த குண்டுகளால் சாந்தா கியாரா என்னும் பழம்பெருங் கோயில் தீப்பற்றி எரிந்தது. அது மீண்டும் திறக்கப்பட்டது 1953இலே. அப்போரின்போது, நான் முன்னே கூறிய நிலவறைகளே மக்களுக்குப் புகலிடமாயின. 1980 நவம்பர் 23இல் நிகழ்ந்த நிலநடுக்கம் பல வீடுகளைப் பிளந்தது. இவ்வளவுக்கும் பின்னரும் மக்கள் அங்கே வாழ்ந்துகொண்டிருந்தனர். 1995இல் இப்பழைய நகரத்தை யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுரிமைப் பட்டியலிலே சேர்த்தது.

இனி விடுதிக்கு வருவோம். நம் நாட்டிலே விடுதி என்றால் பெயர்ப்பலகையும் முற்றமும் கொண்ட தனிக் கட்டடம் நம் மனக்கண்முன் தோன்றும். நேப்பிள்ஸ் நகரின் நடுவிலுள்ள மலிவான விடுதி பெரும்பாலும் அத்தகையதன்று. பிரபுக்களின் குடும்பம் வாழ்ந்து, பின்னர் பலருக்கும் பங்கு பிரிந்த ஒரு பெருமனையின் ஏதேனும் ஒரு மாடியே விடுதியாகும். தெருவிலே யானை புகுமளவு பெரிய மரக்கதவு. அக்கதவினுள்ளே ஆள் குனிந்து நுழையும் சிறு கதவு. பக்கத்திலே அழைப்புமணிப் பொத்தான்கள் வரிசையாக இருக்கும். அவற்றுள் ஒன்றிலே விடுதியின் பெயர். ஏனையவற்றிலே மருத்துவர், வழக்கறிஞர், முதிய கைம்பெண் என்றிவ்வாறு அங்கே குடியிருப்போர் பெயர்கள். ஆகவே, அங்கே தங்கச் செல்பவன் ஒரு கடைக்குட் செல்லவில்லை. பிறர் குடியிருக்கும் வீட்டுக்குள்ளே செல்கின்றான். இதனை நினைவில் வைத்தல் நன்று.

உள்முற்றத்தின் மூலையிலே மின்னுயர்த்தி உண்டு. அதிலே ஒரு சிறு பெட்டி. சில சதங்களை இட்டாலன்றி அது நகராது. குடியிருப்போரிடம் அதற்குரிய திறவுகோல் இருக்கும். வந்து போவோர் காசு இடல் வேண்டும். இதனைக் கண்டு நகைப்போர் உளர். என்னளவில் அது நியாயமாகவே தோன்றிற்று. மின்னுயர்த்தியைப் பேணும் செலவை எல்லோரும் பகிர்ந்துகொள்கின்றார்கள். பயன் கொள்ளும் விருந்தினனும் தன் பங்கைக் கொடுக்கின்றான். சில்லறையில்லாதவன் பெட்டியைச் சுமந்து நான்கு மாடி ஏறவேண்டியதுதான்.

விடுதிக்காரர் முதலிற் கேட்பது கடவுச்சீட்டு. 1931ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தங்குவோர் ஒவ்வொருவருடைய விவரத்தையும் அவர் பொலிசாருக்கு அறிவித்தல் வேண்டும். இது எல்லா விடுதிகளுக்கும் பொது. நம் நிறத்தைக் கண்டு கேட்பதன்று. ஆதலால் மனம் நோவதற்கு ஏதுமில்லை. அறை வாடகையோடு, தலைக்கு இவ்வளவு, இரவுக்கு இவ்வளவு என நகரசபை வரியும் தனியே அறவிடப்படும்.

என் அறையைப் பற்றிக் கூறுவேன். முகடு மிக உயரம். தரையிலே பழைய பூவேலை ஓடுகள். யன்னலுக்கு மரச்சலாகைகளாலான இரட்டைக் கதவு. வெயிலேறும் வேளையிலே அதனைச் சாத்திவிட்டால், தடித்த கற்சுவர்கள் குளிர்மையைக் காத்துக் கொடுக்கும். இவை பழமையின் நன்மைகள். குறைகளும் இல்லாமலில்லை. பெரிய மண்டபமொன்றை மெல்லிய தடுப்புகளால் மூன்றாகப் பிரித்திருந்தமையால், அயலறையில் ஒருவர் இருமினால் என் கட்டிலிலே கேட்டது. குளியலறை ஒரு அலுமாரியிலும் சற்றே பெரியது. சுடுநீர் முதலில் வருவோர்க்கே உரியது. கட்டில், மேசை, ஒரு கதிரை, ஒரு விளக்கு. இவற்றைத் தவிர வேறொன்றுமில்லை. சுத்தம் மட்டும் குறைவற இருந்தது. மலிவான விடுதியிலே சுத்தத்தையும் பூட்டையும் எதிர்பார்க்கலாம், அமைதியை எதிர்பார்த்தலாகாது.

ஏனெனில், தெருவின் ஓசை ஓய்வதேயில்லை. கோயில் மணிகள், மோட்டார்ச் சைக்கிள்கள், ஒரு பல்கனியிலிருந்து எதிர்ப் பல்கனிக்கு நிகழும் உரையாடல் எல்லாம் அறைக்குள்ளே வந்துவிடும். ஆனால், அவ்வோசைக்குச் செவி கொடுப்பவன் பலவற்றைக் கற்பான். மேல்மாடியில் வாழும் முதிய மாது கயிற்றிலே கூடையை இறக்குவாள், கீழே கடைக்காரன் பாணும் தக்காளியும் இட்டு, “சரி” என்று குரல் கொடுப்பான், கூடை மேலேறும். நிலத்தோடொட்டிய தளத்திலே, தெருவை நோக்கித் திறக்கும் ஒற்றையறை வீடுகள் உண்டு. ‘பாசோ’ எனப்படும் அவ்வறைகளிலே ஒரு குடும்பமே வாழும். கதிரையைத் தெருவிலே போட்டு அமர்ந்து அவரை உரிப்பார்கள். தெருவே அவர்களுக்கு விறாந்தை.

காலையுணவை விடுதியிலே தேடவேண்டியதில்லை. தெருமுனைக் கோப்பிக் கடையிலே நின்றபடியே ஒரு சிறு கிண்ணம் கோப்பியும் பிறைவடிவப் பணியாரமும் உண்ணலாம். அமர்ந்தால் விலை கூடும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். இங்கே ஓர் அரிய வழக்கம் உண்டு. வசதியுள்ளவர் தாம் ஒரு கோப்பி குடித்து, இரண்டுக்குப் பணம் கொடுத்துச் செல்வார். பின்னர் வரும் வறியவர் ஒருவர் அதனைக் கேட்டுப் பருகுவார். கொடுத்தவர் பெற்றவரை அறியார்; பெற்றவர் கொடுத்தவரை அறியார். ‘கஃபே சொஸ்பேசோ’ என்பது அதன் பெயர்.

செல்ல விரும்புவோருக்குச் சில குறிப்புகள். விடுதி எத்தனையாம் மாடியில் உள்ளது, மின்னுயர்த்தி உண்டா என்பதை முன்னரே கேட்டறிக. உறக்கம் வேண்டுவோர் உள்முற்றத்தை நோக்கிய அறையையும், ஊரைக் காண விரும்புவோர் தெருவை நோக்கிய அறையையும் கேட்க. தெருக்கள் எரிமலைக் கற்பாளங்களால் ஆனவை; சில்லுப் பெட்டி அவற்றிலே துள்ளும். எனவே தோளிலே சுமக்கத்தக்க பொதி நன்று. பழைய நகரின் பல தெருக்களிலே மோட்டார் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. புகையிரத நிலையத்திலிருந்து நடந்தே சென்றுவிடலாம்.

நேயர்களே, இதுவரை கூறியவை எந்தப் பிரயாணியும் அறியக்கூடியவை. அங்கே நான் கேட்டறிந்த வேறொன்றை இனிச் சொல்லல் வேண்டும்.

இத்தாலியிலே இலங்கையர் பெருந்தொகையாக வாழும் நகரங்களுள் நேப்பிள்ஸ் ஒன்று. அவர்களுட் பலர் நீர்கொழும்பு, சிலாபம் பகுதிகளிலிருந்து சென்றவர்கள். வீட்டுவேலை, முதியோரைப் பராமரித்தல், துப்புரவு ஆகியன அவர்களிற் பலருடைய தொழில். என் அறையைத் துப்புரவு செய்ய வந்த அம்மையாரும் சிலாபக் கரையினரே. சிங்களம் பேசுபவராயினும், பாட்டியிடம் பழகிய தமிழும் அவருக்குத் தெரிந்திருந்தது. நான் ஒரு பாடசாலை அதிபர் என்றறிந்ததும் அவர் கூறியது இது:

“ஐயா, இந்தக் கட்டடத்தில்தான் நாங்கள் 11 வருடம் இருந்தோம். மேலே, கடைசி மாடி. பிள்ளைகள் இரண்டும் இங்கேயிருந்துதான் பள்ளிக்கூடம் போனார்கள். பிறகு வீட்டுக்காரர் பயணிகளுக்கு விடப்போகிறேன் என்று சொல்லிவிட்டார். இப்போது நகருக்கு வெளியே இருக்கிறோம். விடிய முன்னம் பஸ் எடுத்து வந்து, நாங்கள் படுத்த அறையையும் நானேதான் கூட்டுகிறேன்.”

அவர் அழவில்லை, முறையிடவுமில்லை. போர்வையை மடித்தபடியே சொன்னார். எனக்குத்தான் விடை தெரியவில்லை.

விடுதியை நடத்தும் முதியவரிடம் இதுபற்றிப் பேசினேன். அவர் அதே மாடியிலே பிறந்து, அங்கேயே குடும்பத்தோடு வாழ்பவர். பழைய கட்டடத்தின் கூரை ஒழுகினால் திருத்தப் பெரும் பொருள் வேண்டும் என்றும், பயணிகள் வராவிட்டால் அதனைக் கொடுப்பார் இலர் என்றும் சொன்னார். அதுவும் உண்மையே. ஆயினும், அவர் தாமாகவே இன்னொன்றும் கூறினார். தம் விடுதியிலே மணியடித்தால் ஒரு மனிதன் கதவைத் திறக்கின்றான். மேல்மாடிகளிலோ சுவரிலே தொங்கும் சிறு பெட்டியிலிருந்து விருந்தினர் தாமே திறவுகோலை எடுத்துக்கொள்கின்றனர். அயலில் யார் இருக்கின்றார் என்பதை எவரும் அறியார் என்றார்.

இவ்விரண்டுக்குமுள்ள வேறுபாடு பெரிது. விடுதி ஒரு தொழில். அதனை நடத்துவோர் அவ்வூரார். அவர்கள் அயலாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். குடியிருந்தோரை எழுப்பிவிட்டு, வீடுகளையே இரவு வாடகைக்கு விடுதல் வேறு. அதனால் வாடகை ஏறும்; பாண் கடை மூடப்பட்டு நினைவுப்பொருட் கடை திறக்கும்; கூடை இறக்கும் மாது இல்லாமற் போவாள். இத்தாலிய அரசு இதனை ஓரளவு கண்காணிக்க முற்பட்டுள்ளது. 2025 சனவரி 1 முதல், பயணிகளுக்கு விடப்படும் ஒவ்வோரிடமும் தேசிய அடையாள எண் பெற்று அதனை வெளியே காட்டுதல் வேண்டும் என்பது விதி. எண் ஒட்டுவதனால் மாத்திரம் குடும்பங்கள் திரும்பிவிடமாட்டா. எனினும் எத்தனை வீடுகள் இவ்வாறு மாறின என்பதையாவது அது காட்டும்.

அவ்வாறாயின் நம்மைப் போன்ற சிறு வருவாயினர் பயணமே செய்யலாகாதா எனச் சிலர் கேட்பர். அவ்வாறன்று. பிற நாட்டையும் பிற மக்களையும் கண்டறிதல் செல்வருக்கு மட்டுமுரிய பேறன்று. மலிவான விடுதிகள் இருத்தல் வேண்டும். அவை நகரின் நடுவிலேயே இருத்தல் வேண்டும். ஆனால், மலிவு என்பது யாருடைய செலவிலே கிடைக்கின்றது என்பதை நாம் கேட்டல் வேண்டும். சுடுநீர் குறைந்து, கட்டில் கடினமாகி, அதனால் மலிவாயின் அச்செலவு நம்முடையது; மகிழ்வோடு ஏற்கலாம். ஒரு குடும்பம் தன் வீட்டை இழந்ததனால் நமக்கு அறை கிடைத்ததாயின், வாடகை எவ்வளவு சிறியதாயினும் அது மலிவன்று.

மனிதர் கதவு திறக்கும் விடுதியைத் தேர்ந்தெடுங்கள். நடுநிசியிலே படிகளில் ஏறும்போது குரலைத் தாழ்த்துங்கள். அறையைப் பெருக்குபவரின் ஊர் எது என்று கேளுங்கள். அந்தத் தெருக்கள் 2,400 ஆண்டுகள் நிலைத்தமைக்குக் காரணம் கல்லின் உறுதி மட்டுமன்று. அவற்றிலே வாழ்வதற்கு எக்காலத்திலும் மக்கள் இருந்தார்கள் என்பதே முதற் காரணம். மக்கள் நீங்கிய நகரைக் காண்பதற்கு நேப்பிள்ஸ் செல்ல வேண்டியதில்லை. அருகிலேயே பொம்பேய் இருக்கின்றது.