நல்கையா, நம் பங்கா?

(மயிலாடுதுறைத் திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேசவந்த பொருள் பழம்பெருமை அன்று, பாட்டும் அன்று. தொடர்வண்டிக்கும் பேருந்துக்கும் அரசுகள் தரும் பணத்தைப் பற்றியது. 'சொல்லாராய்ச்சி கேட்கலாமென்று வந்தோம். இவர் வண்டிக் கணக்குப் படிக்கப் போகிறாரே' என்று பின்வரிசையில் ஓர் அன்பர் முணுமுணுப்பது தெரிகிறது. அவருக்காகவே ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன்.

'மானியம்' என்கிறோம். அது வடசொல். மதிப்பிற்குரியார்க்கு மேலிருப்பவன் மனமுவந்து விடுவது என்பது அதன் உட்பொருள். கோயிற் பணியாளர்க்கும் ஊர்ப் பணியாளர்க்கும் அரசர் விட்ட நிலம் மானியம் எனப்பட்டது. நாம் 'நல்கை' என்று தமிழாக்கிக் கொண்டோம். சொல் தமிழாயிற்று, ஆனால் கருத்து மாறியதா? இல்லை. நல்குவான் ஒருவன், கைநீட்டுவான் ஒருவன் என்னும் படமே அதிலும் நிற்கிறது. எந்தப் பணம் உண்மையில் நல்கை, எந்தப் பணம் நம் பங்கு, எந்தப் பணம் நம் தலைமேற் கடன் என்று பிரித்தறியாத வரையில் வடசொல்லை நீக்கியும் பயனில்லை என்பது என் துணிபு.

முதலில் நம் ஊரைப் பார்ப்போம். 1982-இல் தான் இவ்வூர் அரசேட்டில் மீண்டும் மயிலாடுதுறை ஆயிற்று. அதற்கு முன்னிருந்த பழைய இருப்புப்பாதை ஏடுகளில் 'மாயவரம் – முத்துப்பேட்டை' என்றொரு பாதை காணப்படும். 1894-இல் திறக்கப்பட்டது. அதனைக் கட்டியவர் யார்? இலண்டன் முதலாளியரா? அல்லர். கல்கத்தாவிலிருந்த வெள்ளை அரசா? அன்று. தஞ்சை மாவட்டக் கழகம் கட்டியது. அக்காலத்தார் 'சில்லா போர்டு' என்றனரே, அது. நிலவரியோடு சேர்த்து ஒரு தனித் தீர்வை தண்டினர். உழவன் கொடுத்த அந்தச் சிறுகாசு சேர்ந்து சேர்ந்து தண்டவாளம் ஆயிற்று. வண்டியோட்டும் பொறுப்பைத் தென்னிந்திய இருப்புப்பாதைக் குழுமத்திடம் விட்டனர். பாதை மாவட்டத்தாரின் உடைமை. பின்னர் அது பட்டுக்கோட்டை, அறந்தாங்கி வரை நீண்டது. நீடாமங்கலம் – மன்னார்குடிக் கிளை 1915-இல் வந்தது. நம் தரங்கம்பாடிக் கிளை 1926-இல் வந்தது. ஓர் அயலாட்சியின் கீழ், இன்றைய ஓர் ஒன்றியத்திற்குள்ள வாய்ப்புக்கூட இல்லாத ஒரு கழகம், தன் மக்களிடம் தண்டிய பணத்தில் தன் ஊர்களுக்குத் தானே வண்டி விட்டது. இதனை நம் பள்ளிப் பாடநூல் ஒன்றிலும் நான் கண்டதில்லை.

பின்னர் அவையெல்லாம் நாட்டின் பொதுச் சொத்தாயின. நடுவண் இருப்புப்பாதைத் துறையின் கைக்குப் போயின. போகட்டும், அதனைக் குறை சொல்ல மாட்டேன். அடுத்து நிகழ்ந்ததுதான் கருதத்தக்கது. மன்னார்குடிப் பாதை 1976-இல் மூடப்பட்டது. தரங்கம்பாடிப் பாதை 1980-களில் மூடப்பட்டது. நான் சிறுவனாய் என் தந்தையாரோடு அவ்வண்டியில் பொறையாற்றுக்குப் போயிருக்கிறேன். மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி என்று ஒவ்வொரு நிலையத்திலும் அவ்வண்டி நின்று நின்று போகும். மீன்கூடைக்காரியர் ஒரு பெட்டியை முழுதும் எடுத்துக் கொள்வர். பொறையாற்றுக் கல்லூரி மாணவர் படியில் நிற்பர். விரைவு என்று ஒன்றும் இல்லை. ஆயினும் கூடைக்கு இடமிருந்தது. இன்று பேருந்தில் அக்கூடையை ஏற்ற ஓட்டுநரிடம் கெஞ்ச வேண்டும்.

கிளைப்பாதைகளை மூடுவதற்கு எப்போதும் சொல்லப்படும் கரணியம் இழப்பு. சீட்டு விற்ற பணம் எண்ணெய்க்கும் ஆட்கூலிக்கும் போதவில்லை என்பர். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஒரு வினா. ஊர்ச்சாலை எவ்வளவு ஈட்டுகிறது என்று எவரேனும் கேட்கின்றனரா? சாலைக்கு இழப்புக் கணக்கு எழுதுவாரில்லை. வண்டிக்கு மட்டும் எழுதுகின்றனர். மன்னார்குடிக்கு 2011-இல் அகலப்பாதையாக வண்டி மீண்டும் வந்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் மூடிக்கிடந்த ஊர்ப்பாதைக்கு மீண்டும் தேவை இருந்ததே, அத்தனை ஆண்டு இழப்பை எந்தக் கணக்கில் எழுதினர்?

இனி இன்னொரு கூத்து. திருவாரூர் – காரைக்குடிப் பாதை, முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை, அறந்தாங்கி வழிச் செல்வது. மேலே சொன்ன கழகப்பாதையின் பெரும்பகுதியே அது. அதனை அகலப்பாதையாக்கப் பல ஆண்டுகள் மூடிவைத்துப் பெரும்பணம் செலவிட்டு, 2019-இல் வண்டி விட்டனர். 149 கி.மீ. தொலைவு, ஆறு மணி நேரத்திற்கும் மேலாயிற்று! ஏனெனில் கடவுகளுக்குக் காவலர் அமர்த்தவில்லை. வண்டியிலேயே காவலர் இருவகையாக ஏறிவருவர். முன்பெட்டியிலிருந்து ஒருவர் இறங்கிக் கடவை மூடுவார். வண்டி கடந்து நிற்கும். பின்பெட்டிக்காரர் இறங்கித் திறந்துவிட்டு ஏறுவார். வண்டி அடுத்த கடவுக்குப் போகும். பின்னர் காவலர் அமர்த்தப் பெற்றனர், விரைவும் கூடிற்று. எனினும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. கட்டுவதற்குப் பணம் கிடைக்கும், கல்வெட்டுத் திறக்கலாம். நாடோறும் ஓட்டுவதற்குப் பணம் கேட்டால் எவரும் முன்வரார். காவலர் சம்பளத்திற்குக் கல்வெட்டு வைக்க முடியாதல்லவா?

ஊர்ப்பாதையில் கண்ட இதே கணக்கு, பன்மடங்கு பெருத்துச் சென்னையில் நிற்கிறது. அங்குச் செல்வோம்.

கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மின்தொடர்வண்டி 1931-இலேயே ஓடிற்று. அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்டுப் பறக்கும் வண்டி வந்தது: 1995-இல் சேப்பாக்கம் வரை, 1997-இல் திருமயிலை வரை. அந்த முதற்பகுதியை இருப்புப்பாதைத் துறையே தன் பணத்தில் கட்டியது. திருமயிலையிலிருந்து வேளச்சேரி வரையான இரண்டாம் பகுதிக்கு முறை மாறிற்று. மூன்றில் இரண்டு பங்கு மாநில அரசு தரவேண்டும். ஒரு பங்கு துறை தரும். 2007-இல் வேளச்சேரியைத் தொட்டது. இருப்புப்பாதை, இந்திய அரசமைப்பில் நடுவண் பட்டியலில் இருப்பது. மாநிலத்திற்கு அதன்மேல் ஆட்சி உரிமை இல்லை. ஆயினும் மூன்றில் இரண்டு பங்கு தமிழ்நாடு கொடுத்தது. வண்டி யாருடையது? துறையினது. காலஅட்டவணை யார் கையில்? துறையின் கையில். இங்கே நல்கியவர் யார், பெற்றவர் யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

அடுத்து, மெட்ரோ என்று எல்லாரும் வழங்கும் மாநகரத் தொடர்வண்டி. அதன் முதற்கட்டம் 2015-இல் கோயம்பேட்டிற்கும் ஆலந்தூருக்கும் இடையே ஓடத் தொடங்கியது. தொடக்க மதிப்பீடு 14,600 கோடி உருபா. அதில் நூற்றுக்கு ஏறத்தாழ 59 சப்பானியக் கடன். எஞ்சியதை இரண்டு அரசுகளும் ஏறக்குறைய ஐந்திலொன்று வீதம் பகிர்ந்தன. இதில் பெரிய வழக்கில்லை.

இரண்டாங்கட்டந்தான் வழக்கு. 118.9 கி.மீ.; 63,246 கோடி உருபா. 2020 நவம்பரில் நடுவண் உள்துறை அமைச்சர் அமித் சா அடிக்கல் நாட்டினார். 2021 பிப்ரவரியில் நடுவண் வரவுசெலவு அறிக்கையில் திட்டத்தின் பெயரும் தொகையும் படிக்கப்பட்டன. நடுவண் அமைச்சரவை இசைவு எப்போது வந்தது? 2024 அக்டோபர் 3. இடைப்பட்ட காலமெல்லாம் இது 'மாநிலத் திட்டம்' என்னும் பட்டியலில் கிடந்தது. தோண்டும் பணி நிற்கவில்லை, செலவும் மாநிலத்தின் தலையில் ஏறிக்கொண்டிருந்தது.

இசைவு வந்தபின் வெளிவந்த அறிவிப்பைக் கேளுங்கள்: திட்டச் செலவில் நூற்றுக்கு 65 அளவு நடுவண் அரசு தருமாம், மாநிலம் 35 தந்தாற் போதுமாம். கேட்டவுடன் கைதட்டத் தோன்றும். கைதட்டுமுன் கணக்கைப் பிரிப்போம். அந்த 65-இல் 33,593 கோடி கடன். சப்பானியக் கூட்டுறவு முகவாண்மை, ஆசிய வளர்ச்சி வங்கி போன்ற அயல் அமைப்புகளிடமிருந்து வருவது. அதைத் திருப்பித் தரவேண்டியவர் யார்? சென்னை மெட்ரோ நிறுவனம். அந்நிறுவனத்தால் இயலாவிடில்? மாநில அரசு கைகொடுக்க வேண்டும். இதுவும் அதே அறிவிப்பிலேயே இருக்கிறது. எவரும் அவ்வரி வரை படிப்பதில்லை. கடனை நீக்கினால் நடுவண் அரசு இடுவது 7,425 கோடி. 63,246-இல் இது நூற்றுக்குப் பன்னிரண்டும் ஆகாது. அதிலும் ஒரு பகுதி பங்குமுதல்; அதற்கு ஈடாக நிறுவனத்தில் உடைமை உண்டு. மறுபகுதி பின்னர்த் திருப்பித் தரவேண்டிய துணைக்கடன். மாநிலத்தின் பங்கோ 22,228 கோடி.

ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். நீங்கள் வீடு கட்டுகிறீர்கள். உங்கள் மாமனார் வைப்பகத்திற்கு வந்து உங்கள் கடனுக்குப் பிணைக் கையெழுத்திடுகிறார். புதுமனை புகுவிழாவில் ஒரு வெள்ளிக் குத்துவிளக்கும் தருகிறார். கடனை நீங்கள் இருபதாண்டு கட்டுகிறீர்கள். அவர் ஊரெல்லாம், 'மருமகன் வீட்டில் மூன்றில் இரண்டு பங்கு நான் கட்டியது' என்கிறார். உங்கள் மனைவியே நகைக்க மாட்டாரா?

பிணைக் கையெழுத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு. அதை நான் மறைக்க மாட்டேன். கடன் நடுவண் கணக்கிற்கு மாறியதால், மாநிலத்தின் கடன்வாங்கும் வரம்பில் அவ்வளவுக்கு இடம் விட்டது. பிற பணிகளுக்கு அது உதவும். நான் மறுப்பது அந்த உதவியை அன்று. கடனைக் கொடையென்று எழுதும் கணக்கை.

இந்த நல்கைக்கு 2017-இல் ஒரு கொள்கை வகுத்தனர். இருபது இலக்கம் மக்கள் இருந்தால்தான் மெட்ரோ என்பது அதிலொன்று. 2025 நவம்பரில் கோவைக்கும் மதுரைக்கும் அனுப்பிய திட்டங்கள் இதைக் காட்டித் திருப்பி விடப்பட்டன. எந்த ஆண்டு மக்கள் கணக்கு? 2011-ஆம் ஆண்டினது. பதினான்கு ஆண்டுப் பழஞ்சட்டையை வளர்ந்த பிள்ளைக்குப் போட்டுப் பார்க்கிறார்கள்! கோவை மாநகராட்சி எல்லைக்குள் மட்டும் எண்ணினால் அக்கணக்கில் ஏறத்தாழ 16 இலக்கம். சூழ்ந்துள்ள நகர்ப்பகுதிகளைச் சேர்த்தால் 21 இலக்கம். வண்டி மாநகராட்சி எல்லைக் கல்லில் நின்றுவிடுமா? ஆக்ராவுக்குச் சுற்றுப்புறம் சேர்த்தே 2011-இல் 18 இலக்கம் நிறையவில்லை. அங்கே 2024-இல் மெட்ரோ ஓடிற்று. ஆக்ரா மக்கள்மேல் எனக்குக் காழ்ப்பில்லை. அவர்களுக்கு வளைந்த அளவுகோல் கோவைக்கு ஏன் நிமிர்ந்து நிற்கிறது என்பதே வினா. மதுரைக்கு மெட்ரோதான் தக்கதா, பேருந்துக்குத் தனிப்பாதை போதுமா என்பதில் எனக்கே ஐயம் உண்டு. ஆனால் அம்முடிவு மதுரையில் எடுக்கப்பட வேண்டியது.

இனி நம் வீட்டுக் குப்பையையும் கூட்டுவோம். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு ஐந்தே கி.மீ.; 2008-இல் பணி தொடங்கியது. நிலவழக்கில் ஏறத்தாழ அரைக் கி.மீ. அளவு தூண்கூட எழாமல் பத்தாண்டுகளுக்கு மேல் கிடந்தது. அதற்குத் தில்லியைப் பழிக்க முடியாது. நிலம் எடுத்துத் தருவது நம் அரசின் வேலை. பறக்கும் வண்டி நிலையங்கள் சில மாளிகை போல் உயர்ந்து, வாயிலில் ஒரு சிற்றுந்துகூட இல்லாமல் வெறிச்சோடிக் கிடந்ததும் நம் கண்முன் தான். பணம் மட்டும் இருந்தாற் போதாது.

நம் அரசு செய்த நல்லதொன்றையும் சொல்ல வேண்டும். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்கின்றனர். அக்கட்டணத்தை மாநில அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடுசெய்கிறது. இது கட்டடத்திற்குத் தருவது அன்று, ஓட்டத்திற்குத் தருவது. களையெடுக்கப் போகும் பெண் அக்காசை அன்று மாலையே அரிசியாக்குகிறாள். கழகங்களுக்கு அந்த ஈட்டுத்தொகை காலத்தில் சென்று சேர வேண்டும். சேராவிடில் பழைய பேருந்தே பழைய ஓட்டைக் கூரையோடு வரும், மழைக்காலத்தில் குடைபிடித்து உட்கார்ந்திருக்க நேரும். சிரிக்கிறீர்கள், நனைந்தவர் பலர் இங்கிருப்பது தெரிகிறது.

கூட்டம் முடிந்ததும் வாயில் மேசையில் ஒரு விண்ணப்பம் இருக்கும். நம் பாராளுமன்ற உறுப்பினர்க்கும் சட்டமன்ற உறுப்பினர்க்கும் எழுதியது. வேண்டுகோள் இரண்டே. பேருந்து, தொடர்வண்டித் திட்டம் ஒவ்வொன்றின் அறிவிப்பிலும் கொடை, பங்குமுதல், கடன் என்று மூன்று நிரல் தனித்தனியாக எழுதி, கடனை அடைப்பவர் பெயரையும் கீழே குறிக்க வேண்டும். தரங்கம்பாடிப் பாதையை மீட்க என்ன செலவாகும், நாடோறும் ஓட்ட என்ன செலவாகும் என்று இரண்டு தொகையும் எழுத்தில் தரவேண்டும். கையெழுத்தைத் தமிழில் இடுங்கள். தலைப்பெழுத்தையும் தமிழிலேயே இடுங்கள். மை ஊற்றும் தூவல் இரண்டுதான் இருக்கிறது, எழுதியபின் திருப்பி வைத்துவிட்டுச் செல்லுங்கள்.