சமாதியில் ஒரு கோடை மாளிகை

லக்ஷ்மிபாய் நகரில் குடியிருக்கும் எம்மைப் போன்றோர்க்குக் குதுப் மினார் தொலைவன்று. அரவிந்தர் சாலையில் தெற்கு நோக்கிப் பஸ் ஏறினால் போதும். ஊரிலிருந்து வரும் விருந்தினரை அழைத்துச் சென்று, மினாரைக் காட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அதற்குத் தென்கிழக்கே, மெஹ்ரௌலித் தொல்பொருட் பூங்காவில், மேட்டின்மீது எண்கோண வடிவில் நிற்கும் கட்டடத்தை நாடிச் செல்வோர் சிலரே.

அது குலி கானின் சமாதி. அக்பர் சக்கரவர்த்தியின் செவிலித்தாயான மாஹம் அங்காவின் மைந்தர் அவர். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த இச்சமாதியை, 1840-களில் தமது கோடை மாளிகையாக மாற்றிக்கொண்டார் ஸர் தாமஸ் மெட்காப். முகலாய அரசவையில் கிழக்கிந்தியக் கும்பினியின் பிரதிநிதியாக இருந்தவர் அவர். சமாதியின் நடுக்கூடம் உணவருந்தும் அறையாயிற்று. சுற்றிலும் புதிய அறைகள் எழுந்தன. அருகே லோடி காலத்துக் கட்டடம் ஒன்று படகுத்துறையாயிற்று. மேடுகளில் அலங்கார மண்டபங்கள் முளைத்தன. உள்ளத்தை மகிழ்விப்பது என்ற பொருளில் 'தில்குஷா' என்று பெயரும் சூட்டினார்.

இங்கிலாந்தில், ஓய்ந்துபோன காற்றாலைகளை நாட்டுப்புற இல்லங்களாகத் திருத்தி வாழும் வழக்கம் உண்டு. அதனை நான் குறை கூறேன். மாவரைத்த இடத்தில் மனிதர் உறங்கினால் எவருக்கு என்ன நஷ்டம்? சமாதி அப்படியன்று. அங்கே உறங்குபவர் இடத்தைக் காலி செய்துவிட்டுப் போனவர் அல்லர்.

குலி கானின் சகோதரர் ஆதம் கானின் சமாதியும் மெஹ்ரௌலியில்தான் உள்ளது. பிளேக் என்ற ஆங்கில அதிகாரி 1830-களில் அதனைத் தம் இல்லமாக்கி, கல்லறையையே அகற்றினார். கர்ஸன் பிரபுவின் உத்தரவால் அது பிற்காலத்தில் மீண்டும் அமைக்கப்பட்டது.

மெட்காப்பின் விருந்துக் கூடத்திற்கு வேறொரு பொருளும் உண்டு. மெஹ்ரௌலி ஊருக்குள்தான் பகதூர் ஷா ஜபர் மழைக்காலத்தைக் கழித்த மாளிகை இருக்கிறது. அவர் காலத்துக்குப் பின் அரச குடும்பம் செங்கோட்டையைக் கும்பினியிடம் விட்டுவிட்டுக் குதுப் பக்கம் குடிபெயர வேண்டும் என்று 1852-ல் இளவரசர் மிர்ஸா பக்ருவிடம் இசைவு பெற்றவர் இந்த மெட்காப்தான். இறந்த பிரபுவின் சமாதியில் பந்தி விரித்தவருக்கு, இருக்கும் மன்னரின் குடும்பத்தை வீட்டைவிட்டு எழுப்புவது பெரிதாகத் தோன்றியிராது.

மறு ஆண்டே மெட்காப் இறந்தார். 1858-ல் ஜபர் ரங்கூனுக்கு நாடு கடத்தப்பட்டு, 1862-ல் அங்கேயே மறைந்தார். மெஹ்ரௌலியில் தமக்கென்று அவர் குறித்து வைத்திருந்த கல்லறை இடம் இன்றும் வெறுமையாகவே கிடக்கிறது.

தில்குஷாவில் மெட்காப் கட்டிய பக்கத்து அறைகள் இடிந்து, அடித்தளங்களே எஞ்சியுள்ளன. சமாதி நிற்கிறது, அதன் புறச்சுவர்களில் வண்ண ஓடுகளின் எச்சங்களைக் காணலாம். அடுத்த முறை குதுப் மினாருக்குச் செல்லும்போது, ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்கிக்கொள்ளுங்கள்.