போதும் என்று சொன்ன மனிதர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)

இந்த மேடையிலே குத்துச்சண்டையைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே இந்தப் பிள்ளை என்று பெரியவர்கள் எண்ணக்கூடும். சற்றுப் பொறுத்துக் கேட்குமாறு வேண்டுகிறேன்.

நான் மிஷன் பாடசாலையிலே படித்தவன். குத்துச்சண்டை பழகியதும் அங்கேதான். ஒரு போட்டியிலே என் மூக்கிலிருந்து இரத்தம் வழிந்தபோது, பயிற்றுவித்த ஆசிரியர் துவாயை எறிந்து சண்டையை நிறுத்திவிட்டார். இன்னும் ஒரு நிமிடம் விட்டிருந்தால் வென்றிருப்பேனே என்று என் மனம் குமுறியது. ஒரு மாதம் அவரோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. அந்தக் கோபம் எவ்வளவு பேதைமை என்பதைப் பின்னர் ஒரு பெரும் போட்டியின் வரலாறு எனக்கு உணர்த்தியது.

1980ஆம் ஆண்டிலே முகம்மது அலி சென்னைக்கு வந்தார். நேரு விளையாட்டரங்கிலே ஜிம்மி எல்லிஸ் என்பவரோடு காட்சிப் போட்டி ஒன்றில் இறங்கினார். இருவரும் அமெரிக்காவின் லூயிவில் நகரத்தார், இளமை நண்பர்கள். எல்லிஸும் ஒரு காலத்திலே உலகப் பட்டம் தாங்கியவர். 1971இல் ஹூஸ்டன் நகரிலே இருவரும் மெய்யாகவே மோதினர். பன்னிரண்டாம் சுற்றில் அலி வென்றார். ஆயினும் நட்பு முறியவில்லை. சென்னை மக்கள் கண்டது அந்த நட்பைத்தான்.

இந்த இருவருக்கும் பயிற்சியாளர் ஒருவரே. அவர் பெயர் ஏஞ்சலோ டண்டி. 1970இல் ஜோ பிரேசியர் எல்லிஸை வீழ்த்தி வதைத்தபோது, ஐந்தாம் சுற்றுக்கு எல்லிஸை அனுப்ப மறுத்தவர் இவர். உலகப் பட்டம் கைவிட்டுப் போயிற்று, பிள்ளை பிழைத்தான்.

சென்னையிலே ஆரவாரம் கேட்ட அலி, அதே ஆண்டு ஒக்டோபர் 2ஆம் திகதி லாஸ் வேகாஸ் நகரிலே உலகப் பட்டத்துக்காக லரி ஹோம்ஸை எதிர்த்தார். அலிக்கு வயது 38, ஹோம்ஸுக்கு 30. மூன்று முறை பட்டம் வென்று, 1979இல் ஓய்வும் அறிவித்தவர் அலி. நான்காம் முறையும் வெல்லலாம் என்ற ஆசை அவரை மீண்டும் இழுத்து வந்தது. எதிரே நின்ற ஹோம்ஸோ, முன்பு அலியின் பயிற்சிக்குத் துணைநின்றவர். குருவுக்கு ஒப்பானவரை அடிக்க வேண்டிய நிலை!

சுற்றுக்குச் சுற்று அலி அடி வாங்கினார். நடுவர் மூவரும் ஒரு சுற்றைக்கூட அவருக்குக் கொடுக்கவில்லை. பத்தாம் சுற்று முடிந்ததும் டண்டி போதுமென்றார். அலியின் நெடுநாள் துணைவர் பண்டினி பிரவுன், இன்னும் ஒரு சுற்று விடுங்கள் என்று அவருடைய மேலாடையைப் பற்றிக்கொண்டு மன்றாடினார். டண்டி இணங்கவில்லை. வென்ற ஹோம்ஸும் மகிழவில்லை; கண்ணீர் விட்டார்.

சபையோரே, பண்டினிக்கும் அலிமேல் அன்புதான். ஆனால் ஒருவரின் அன்பு அலியின் வெற்றியை நேசித்தது. மற்றவரின் அன்பு அலியையே நேசித்தது. இந்த வேறுபாட்டை நாம் மறக்கலாகாது.

அதன் பின்னும் அலி ஓயவில்லை. 1981இல் இன்னொரு போட்டியிலே தோற்ற பிறகே விலகினார். 1984இல் அவருக்கு நடுக்குவாத நோய் இருப்பதாக மருத்துவர்கள் கண்டனர். 2016இல் மறைந்தார். எல்லிஸும் இறுதிக் காலத்திலே நினைவிழந்து வருந்தி, 2014இல் காலமானார். தலையில் விழும் அடி பெருகப் பெருக மூளை கெடும் என்பது மருத்துவம் கண்ட உண்மை.

இளைஞர்களே, நம்மை உற்சாகப்படுத்துவோர் பலர், தடுப்போர் சிலரே. அந்தச் சிலரைப் பகைவராக எண்ணாதிருப்போம். பெரியோர்களே, உங்களிடமும் ஒரு விண்ணப்பம். வீம்புக்காக நடத்தும் வழக்கு, வரம்பு மீறிய கடன், அண்ணன் தம்பி பேசாதிருக்கும் பிடிவாதம் இவற்றிலே எங்களைக் காணும்போது, நாங்கள் கோபிப்போமே என்று பார்த்திருக்காதீர்கள். துவாயை எறியுங்கள்.

அண்மையிலே அந்த ஆசிரியரைக் கண்டு, "சேர், என்னை மன்னிக்க வேண்டும்" என்றேன். அவர் என் முகத்தைச் சிறிதுநேரம் பார்த்துவிட்டு, "மூக்கு நேராகத்தானே இருக்கிறது, தம்பி" என்று சிரித்தார்.